நூறு சதவீதம் காலி

என் கணவரின் லினக்ஸை நான் அழித்தது ஒரு சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, ராகு காலத்தில். தெரிந்தேதான் செய்தேன். அதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இருந்தது.

முதலில் அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டில் எங்கள் இருவருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். ஒரே வீட்டை இரண்டு போர்ஷனாகத் தடுத்தது போல அதற்குள் இரண்டு இயங்குதளங்களைப் போட்டு வைத்திருந்தார் அவர். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து, எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கும். விண்டோஸ் என் பக்கம். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பாடங்களும் வினாத்தாள்களும் வீடியோக்களும் அங்கேதான் இருக்கும். லினக்ஸ் அவர் பக்கம். ரயில்வேயில் இருந்த காலத்திலேயே தமிழ் விசைப்பலகையை அதில் தன் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டவர். தமிழில் நாலு வரி அடிக்க வேண்டுமென்றாலும் லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்து, தன் பக்கம் போய்த்தான் அடிப்பார். இந்தப் பக்கமே அடிக்கலாமே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். பழகின இடம் பழகின இடம்தான் என்பார்.

அந்தப் பக்கத்தில் அவர் நாலு மாதமாக ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் மகனுக்கு நிச்சயமாகியிருந்த பெண் வங்காளி. சால்ட் லேக்கில் அவனோடு வேலை பார்ப்பவள். எங்களோடு தமிழில் பேச ஆசை என்று அவள் ஒரு நாள் சொல்லிவிட்டாள். மகனுக்கே தமிழைவிட வங்காளம்தான் சரளம். அவன் என்னத்தைக் கற்றுக் கொடுக்கப் போகிறான்? இவர் உடனே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பாடத்திலும் நம் வீட்டில் பேசுகிற தமிழ் வாக்கியம் ஒன்று, அதன் கீழே அதே ஒலி வங்காள எழுத்தில், அதற்கும் கீழே வங்காளத்தில் பொருள். இப்படிப் பாடம் பாடமாக எழுதி, அச்சடித்து, பைண்ட் செய்து, நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அவருடைய திட்டம். தட்டில் வைக்கிற வரை யாரும் பார்க்கக் கூடாது என்று என்னிடம் கூடக் காட்டவில்லை.

எனக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதாத மனிதர், வரப்போகிற மருமகளுக்குப் புத்தகமே எழுதுகிறார். சாயங்காலமானால் அவர் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்துவிடுவார். நான் ஏதாவது சொன்னால் தலையைத் தூக்கி ஒரு நொடி என்னைப் பார்ப்பார், பிறகு குனிந்து அடிப்பார். எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

இதற்கிடையில் என் பக்கத்தில் இடம் தீர்ந்துபோனது. திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கு ஒரு செய்முறைப் பாடத்தை வீடியோவாகக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரண்டு முறை பதிவு செய்தேன். இரண்டு முறையும் பாதியில், இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. உங்கள் பக்கத்தில் நூறு ஜிபி சும்மா கிடக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று நான் கேட்பது அது நாலாவது தடவை.

"நிச்சயம் முடியட்டும். அப்புறம் மொத்தத்தையும் எடுத்துக்கோ," என்றார்.

"புத்தகம்தான் முடிஞ்சுடுச்சே?"

"முடிஞ்சுடுச்சு. எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல அச்சுக்குக் குடுத்துடுவேன்."

எல்லாத்தையும் எடுத்தாச்சு என்று அவர் வாயாலேயே சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அவர் எட்டு மணிக்கே கிளம்பினார். லேக் மார்க்கெட்டில் வெற்றிலையும் பூவும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பவானிபூரில் கல்லூரிப் பக்கம் இருக்கும் அச்சுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. மகன் மண்டப வேலைக்குப் போய்விட்டான். நான் லேப்டாப்பைத் திறந்து, வட்டை எப்படிப் பிரித்திருக்கிறது என்று காட்டுகிற அந்தத் திரைக்குப் போனேன். என் பக்கம் இடமில்லாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து அவர் பக்கம்: பெயர் இல்லை, சி, டி என்ற எழுத்தும் இல்லை. நூறு ஜிபி. காலியாக இருப்பது நூறு சதவீதம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. சொன்னபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார், வெறும் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு எனக்குப் போக்குக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

ராகு கால விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சமையலறையில் சென்னையிலிருந்து வருகிற நாள்காட்டி தொங்கும். அதன்படி சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஆனால் கொல்கத்தாவில் சூரியன் சென்னைக்கு முன்னாலேயே உதித்துவிடுகிறான். அதனால் இங்கே எட்டரையிலிருந்து பத்து என்று சிலர் சொல்வார்கள். எது சரி என்று இங்குள்ள தமிழர்களுக்குள் இன்னும் தீர்ந்தபாடில்லை. வம்பே வேண்டாமென்று எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்து, எட்டரையிலிருந்து பத்தரை வரை எதையும் ஆரம்பிக்க மாட்டோம். ஒன்றரை மணி நேரத்து ராகு காலத்தை இரண்டு மணி நேரமாக்கி வைத்திருப்பவர்கள் நாங்கள். வேதியியல் படித்தவளுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் யார் வம்பை விலைக்கு வாங்குவது?

மணி எட்டே முக்கால். நான் எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். அழிப்பது ஆரம்பம் ஆகாது. பழையதைக் கழிப்பதற்கு நேரம் பார்ப்பானேன்? காலியான இடத்தை என் பக்கத்தோடு சேர்ப்பதுதான் புதிய காரியம். அதைப் பத்தரைக்கு மேல் செய்துகொள்ளலாம். அழி என்பதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்றேன். அவர் பக்கத்தைக் காட்டிய நீலப் பட்டை கறுப்பானது. எழுந்து போய் முந்திரி வறுக்க ஆரம்பித்தேன். அதுவும் ராகு காலத்தில்தான், நேற்றே வறுக்க ஆரம்பித்த முந்திரி என்பதால் தோஷமில்லை.

ஒன்பது நாற்பதுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"இங்க பாரு, பென் டிரைவ்ல இருபத்தேழுக்கு ஒம்போது பாடம்தான் இருக்கு. பழைய ஃபோல்டரைக் காப்பி பண்ணிட்டேன் போல. வீட்டுக்கு வந்து எடுத்துக்கிட்டுத் திரும்பி வரேன். பன்னெண்டு மணிக்குள்ள குடுத்தா ராத்திரிக்குள்ள பைண்ட் பண்ணிடறேன்னு கடைக்காரர் சொல்றார். ஆட்டோ ஏறிட்டேன்."

நான் லேப்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கேக்குதா? லேப்டாப்பை ஆன் பண்ணி வை. வந்ததும் எடுத்துக்கிட்டு ஓடணும்."

"ம்."

"என்ன ம்?"

"ஒண்ணும் இல்லை. வாங்க."

போனை வைத்ததும் முதலில் அடுப்பை அணைத்தேன். அந்தக் கறுப்புப் பட்டை நான் விட்டுப்போன படியே திரையில் இருந்தது. பின்வாங்குவதற்கு வழி ஏதாவது இருக்கிறதா என்று அழுத்தாத இடமில்லை. அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. மீதிப் பதினெட்டுப் பாடங்கள். நாலு மாதம். அணைத்துவிட்டு ஆன் செய்தால் அவர் பக்கம் வந்துவிடுமோ என்று ஒரு அசட்டு எண்ணம். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டது. மகனைக் கூப்பிடலாம், ஆனால் அவன் அடுத்த நிமிஷமே அப்பாவைக் கூப்பிடுவான். பவானிபூரிலிருந்து வருகிற ஆட்டோ கரியாஹாட் சிக்னலில் நின்று நின்று வந்தாலும் நாற்பது நிமிஷம்தான். செருப்புக் கூடப் போடாமல் கீழே ஓடினேன்.

கீழ் வீட்டில் இருப்பவள் சால்ட் லேக்கில் செக்டர் ஃபைவ் அலுவலகம் ஒன்றில் கணினி வேலை பார்க்கும் இன்னொரு வங்காளிப் பெண். என்னைப் பௌதி என்று கூப்பிடுவாள். அண்ணி என்று அர்த்தம்; என் கணவர் அவளுக்குத் தாதா, அதாவது அண்ணன். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. தலையில் எண்ணெயோடு கதவைத் திறந்தவளிடம் வங்காளத்தில் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் எதற்கும் அதிர்ச்சி காட்டவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டாள். அவள் பேசியதும் வங்காளம்தான். என் மனதில் தமிழாகத்தான் நிற்கிறது.

"ஃபார்மேட் பண்ணீங்களா?"

"இல்லை."

"அந்த இடத்தை உங்க பக்கத்தோட சேர்த்துட்டீங்களா?"

"இல்லை."

"அதுக்கு அப்புறம் ஆஃப் பண்ணீங்களா?"

"இல்லை. பண்ணப் பார்த்தேன்."

"பண்ணாதீங்க. எந்தப் பக்கம் போகணும்னு கேக்கற பட்டியலே தாதாவோட பக்கத்துலதான் இருக்கு. இப்ப அணைச்சா உங்க பக்கமும் சுலபத்துல திறக்காது." தலையைத் துண்டால் முடிந்துகொண்டே கேட்டாள்: "ஆமா, அழிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இடம் வேணும்னுதானே அழிச்சீங்க? ஏன் உடனே சேர்க்கலை?"

ராகு காலம் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் பஞ்சிகா பாத்து பார்பேலா சொல்லுவாங்க," என்று மட்டும் சொன்னாள். பஞ்சிகா என்றால் பஞ்சாங்கம்; பார்பேலா அவர்கள் பக்கத்து ராகு காலம். தன் லேப்டாப்பையும் ஒரு சிவப்புப் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு என்னோடு மாடிப்படி ஏறினாள்.

படியிலேயே விளக்கினாள். அழித்தது வீட்டை அல்ல, வாசலில் இருந்த பெயர்ப்பலகையைத்தான். உள்ளே சாமான்கள் போட்டது போட்டபடி இருக்கும், மேலே எதுவும் எழுதாதவரை. சேர்த்திருந்தால், என் வீடியோ ஒன்று போய் அங்கே உட்கார்ந்திருந்தால், கதை முடிந்தது. காலி என்று போட்டிருந்ததே என்றேன். உங்கள் பக்கத்துக்கு அந்தப் பக்கத்துப் பாஷை தெரியாது பௌதி, தெரியாததைக் காலி என்று சொல்லிவிடும் என்றாள்.

மீட்புக்கான மென்பொருளைத் தன் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே என் லேப்டாப்பில் ஓடவிட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடின. ஒவ்வொரு சதவீதமும் இழுத்துக்கொண்டு வந்தது. மணி பத்து. அப்போது பார்த்து வீட்டு வேலைக்கு வருகிற மாஷி உள்ளே வந்து, துடைப்பத்தைப் போட்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். தினமும் அவள் அந்த எக்ஸ்டென்ஷன் போர்டைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பெருக்குவாள். எங்கள் லேப்டாப்பின் பேட்டரி செத்து வருஷமாகிறது. ஒயர் போனால் உயிர் போகும். நான் பாய்ந்து போர்டின் மேல் உட்கார்ந்தே விட்டேன். மாஷி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு அறைக்குப் போனாள்.

பத்து ஏழுக்கு, "இதோ," என்றாள் கீழ் வீட்டுப் பெண்.

அவர் பக்கம் பட்டியலில் வந்தது. அதற்குள் போய் அவருடைய ஃபோல்டரைத் திறந்தாள். கோப்புகள் இருந்தன, ஆனால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகள். வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கிச்சு ஹொபே நா பௌதி," ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே, மொத்த ஃபோல்டரையும் சிவப்புப் பென் டிரைவுக்குக் காப்பி செய்தாள். இந்தத் திரைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அவ்வளவுதான் என்றாள். பிறகு பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகி என் பக்கம் திருப்பினாள். "சரியா இருக்கான்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

பெயர்கள் தமிழில் இருந்தன. பாடம் ஒன்று முதல் இருபத்தேழு வரை. கைக்கு வந்ததைத் திறந்தேன். பாடம் பதினாறு. முதல் வரி:

"எப்படியோ போங்க."

கீழே வங்காள எழுத்தில் அதே ஒலி. அதற்கும் கீழே வங்காளத்தில் பொருள்: 'உன் அத்தை இப்படிச் சொன்னால் போகச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. போய்விடாதே.'

அடுத்தது: "நான் என்னத்தைச் சொன்னேன், ஒண்ணும் சொல்லலையே." பொருள்: 'இனிமேல்தான் சொல்லப் போகிறார். உட்கார்ந்துகொள்.'

அதற்கு அடுத்தது: "சாப்பிட்டாச்சா?" பொருள்: 'கோபம் தீர்ந்துவிட்டது. ஆகிவிட்டது என்று சொல்லாதே. மறுபடி ஒரு வாய் சாப்பிடு.'

பாடம் முழுக்க என் வார்த்தைகள். வேறொன்றைத் திறந்தேன், அதிலும் நான்தான். சாயங்காலங்களில் அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்து அடித்ததெல்லாம் இதுதான். நம் வீட்டுத் தமிழ் என்று அந்த மனிதர் நினைத்தது நான் பேசுவதை. அதைத்தான் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் முந்திரி வறுக்கிற அவசரத்தில் துடைத்துப் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர் மேல் இத்தனை ஆசையாகவும் இருந்தது, இந்த வயதில் அது ஒரு சங்கடம்.

"சரியா இருக்கா?" என்றாள் அவள்.

தலையை ஆட்டினேன். வாசல் மணி அடித்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம்," என்று அவள் பென் டிரைவை மறுபடி என் லேப்டாப்பில் செருகினாள். "பெயர்ப்பலகையைப் பழைய இடத்துலயே எழுதிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணணும். அப்பத்தான் தாதாவோட பக்கம் திரும்ப வரும்."

கதவைத் திறந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் வெற்றிலைக் கட்டு, நெற்றியெல்லாம் வேர்வை.

"வெற்றிலையைப் பாத்து வாங்கினீங்களா? காம்பு கிள்ளியிருக்கே?"

"கிள்ளலை. வழியை விடு, நேரமாச்சு."

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல மூஞ்சியைக் கழுவுங்க. காபி தரேன்."

"காபியா? இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு குளியலறைக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அறையில் திரை முழுக்க இருண்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்; பதினொன்று வரை எதுவுமே இல்லை. அப்புறம் அந்தப் பழைய பட்டியல் வந்தது, இரண்டு பக்கமும் அதில் இருந்தன. கீழ் வீட்டுப் பெண் அவர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மணி பத்து இருபத்தைந்து.

முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர், எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "என்ன விஷயம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லை. சும்மாதான் பேசிக்கிட்டு இருந்தோம்," என்றேன்.

நான் காபி போடப் போனேன். கூடத்தில் விசைகள் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஃபோல்டரை எடுக்க எதற்கு இத்தனை தட்டல் என்று நினைத்தேன். நான் டம்ளரோடு வந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே குடித்துவிட்டு ஓடினார். எங்கள் லேப்டாப்பில் செருகியபடி மறந்திருந்த சிவப்புப் பென் டிரைவ், கீழ் வீட்டுப் பெண்ணின் லேப்டாப் மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவளும் நானும் அதைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தட்டில் வாழைப்பழச் சீப்புக்கும் மஞ்சள் கிழங்குக்கும் நடுவில் அந்தப் புத்தகம் இருந்தது, நீல அட்டை போட்டு. அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். கடைசிப் பக்கம் போய், வங்காள எழுத்தைத் தடவித் தடவித் தன் முதல் தமிழை உரக்கப் படித்தாள்.

"ஒண்ணும் இல்லை. சும்மாதான் பேசிக்கிட்டு இருந்தோம்."

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். அவள் அதன் பொருளைத் தனக்குள் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எட்டிப் புத்தகத்தை வாங்கினேன். பாடம் இருபத்தெட்டு. நான் பார்த்தபோது இருந்தவை இருபத்தேழு. அந்தப் பாடத்தில் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். கீழே எழுதியிருந்தார்: 'அத்தை இப்படிச் சொன்னால் பெரிதாக ஏதோ நடந்திருக்கும், அதை அவரே சரியும் செய்து முடித்திருப்பார். கேட்காதே. காபி நன்றாக இருந்தது என்று சொல்.'

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தட்டில் பழத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, பாடங்களை மூன்று இடங்களில் எடுத்து வைத்த பிறகு, பட்டியலையும் என் பக்கத்துக்கே முறையாக மாற்றிவிட்டு, "இப்ப எடுத்துக்கோ," என்று லேப்டாப்பை என் முன்னால் நகர்த்தினார். பத்து முப்பத்தொன்று வரை இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதே திரை, அதே பட்டை, அதே வாசகம்.

"பாருங்க, நூறு சதவீதம் காலின்னுதான் போட்டிருக்கு. நான் என்ன பண்ணுவேன்?" என்றேன்.

"அது அப்படித்தான் சொல்லும்," என்றார். "ஒண்ணும் இல்லைன்னு கேக்கறது முப்பது வருஷமா எனக்குப் பழக்கம்."